நுரைக்கு ஆன செலவு

மார்ச் 3 — வெந்நீர்த் தொட்டி, மூடி, பொருத்துக்கூலி: 84,500
மார்ச் 9 — நீச்சலுடை இரண்டு (ஒன்று கருநீலம், ஒன்று கறுப்பு): 1,260
ஏப்ரல் 2 — நுரை அடக்கும் மருந்து, ஒரு புட்டி: 340
ஏப்ரல் 20 — அதே மருந்து, இரண்டு புட்டி: 680
மே 6 — தண்ணீர் மாற்றியது: 410
மே 14 — புது வடிகட்டி: 1,150
மே 30 — தண்ணீர் மாற்றியது: 410
ஜூன் 11 — நுரை அடக்கும் மருந்து, நான்கு புட்டி: 1,360
ஜூன் 27 — மெக்கானிக் வந்து போன கூலி: 600
ஜூலை 19 — தண்ணீர் மாற்றியது: 410

ஜூலை பத்தொன்பதுக்குப் பிறகு அந்த வீட்டில் நுரைக்காக ஒரு காசும் செலவாகவில்லை. ஏன் ஆகவில்லை என்று சொல்ல வேண்டுமானால் பஸ்ஸக்காவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அவள் இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பஸ்ஸக்கா என்பது பிள்ளைகள் வைத்த பெயர். முதல் வருடம் ஏறிய வாண்டுகள் வளர்ந்து, தங்கள் வாண்டுகளை ஏற்றிவிட வந்தபோதும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். முன்பக்கம் எப்படி இருப்பாள் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பின்னங்கழுத்து, இறுக்கிப் போட்ட கொண்டை, மேலே நீளக் கண்ணாடியில் இரண்டு கண்கள். அந்தக் கண்களுக்கு வண்டியே அடங்கும்.

"மூணாவது சீட், பட்டனை வாயிலேர்ந்து எடு" என்பாள், தலையைத் திருப்பாமலே. பட்டன் வெளியே வந்துவிடும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எதைச் செய்தாலும் சொல்லிவிட்டுத்தான் செய்வாள். "இப்ப பிரேக் போடப் போறேன், கம்பியைப் பிடிச்சுக்கோ." "இப்ப இடது பக்கம் திரும்பறோம், சாயாதே." நின்றுகொண்டு வரும் பிள்ளைகள் விழக் கூடாது என்பதற்காக ஆரம்பித்தது. நாளாக ஆக நாக்கிலேயே ஒட்டிக்கொண்டது. தங்கை வீட்டுப் பின்னறையில் குடியிருந்த காலத்தில் சமையலறையிலும், "இப்ப அடுப்பைப் பத்த வைக்கறேன்" என்பாள். தங்கை முடிதிருத்தும் நிலையம் நடத்துகிறவள். கத்தரியைவிட வாய் கூர்மை.

"அக்கா, இது வீடு. ரிவர்ஸ் எடுக்கறதுக்குக் கூட இடம் கிடையாது. சும்மா நட" என்பாள்.

பஸ்ஸக்காவுக்குக் கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து இரண்டு முறையும் வந்த வழியே போனது. அதற்கப்புறம் யாரும் பேச்செடுக்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. காலையில் வண்டி, மாலையில் வண்டி, நடுவில் டயருக்குக் காற்று என்று நாற்பது தாண்டியது, ஐம்பதும் தாண்டியது.

ஓட்டுநர் உரிமத்துக்காக வருடத்துக்கு ஒருமுறை கண் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். அதற்கென்று அவள் போகும் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்று இருந்தது. ரயில்பெட்டி மாதிரி நீளமாக, ஒடுக்கமாக இருக்கும். ஒரு கோடியில் நாற்காலி, மறு கோடியில் எழுத்துப் பலகை. கடைக்காரர் மனைவியை இழந்தவர். தடித்த கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்கள் இரண்டும் குண்டூசித் தலை அளவுக்குத்தான் தெரியும். பஸ்ஸக்கா உட்கார்ந்ததும் மேல் வரியிலிருந்து கடைசி வரி வரை தடங்கலில்லாமல் ஒப்பிப்பாள். பிறகு அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் முகவரியையும் படித்துவிட்டு எழுந்து கொள்வாள்.

"மனப்பாடம் பண்ணிட்டு வர்றீங்களா?" என்று ஒரு வருடம் கேட்டார்.

"பலகையை மாத்திப் பாருங்க."

அடுத்த வருடம் மாற்றியே வைத்திருந்தார். புது அச்சகத்தின் முகவரியும் வந்தது. இப்படிப் பதினோரு வருடம். பன்னிரண்டாவது வருடம் சான்றில் கையெழுத்துப் போட்டவர், அதைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"வருஷத்துக்கு ஒரு தடவைதான் வர்றீங்க. அது எனக்குப் போதலை."

ஐம்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பலகையைப் பார்த்தாள். அதில் எந்த எழுத்தும் தெரியவில்லை. அவளுக்கு அப்போது ஐம்பத்திரண்டு, அவருக்கு ஐம்பத்தாறு. இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு கல்யாணம் முடிந்தது.

நல்ல மனிதர். குரல் உயர்த்த மாட்டார், துவைத்த துணியை அவரே மடித்து வைப்பார். அவள் சமைத்தது வாயில் வைக்க முடியாமல் இருந்தாலும் இரண்டாம் தடவை கேட்டு வாங்குவார். ஆனால் இருவருக்கும் நடுவில் ஒரு கூச்சம் மூன்றாம் ஆள் மாதிரி குடியிருந்தது. படுக்கையறையில் விளக்கு அணைந்த பிறகுதான் எல்லாம். உடை மாற்ற வேண்டுமென்றால் ஒருவர் வெளியே போய்விடுவார். மூன்று வருடம் அப்படியே போனது. வாழ்க்கை முழுக்கப் பின்னங்கழுத்தை மட்டும் காட்டி வந்தவளுக்கு, தன்னை முழுசாக ஒருத்தர் பார்க்க விரும்புவாரா என்ற கேள்வி உள்ளே கிடந்து அரித்தது. கேட்டுவிட்டு, இல்லை என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது? அதனால் கேட்கவில்லை.

ஓட்டுநர் இருக்கை அவள் இடுப்பை வாங்கிவிட்டது. ஐம்பத்தைந்தில் ஓய்வு பெற்றபோது, தினமும் கொஞ்ச நேரம் வெந்நீரில் உட்காரும்படி மருத்துவர் சொன்னார். ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதி தொட்டியாக மாறிப் பின்கட்டுச் சிமெண்டுத் தரையில் வந்து உட்கார்ந்தது. இரண்டு பேர் எதிரெதிரே காலை நீட்டி உட்காரலாம், அடியிலிருந்து நீர் பீய்ச்சி இடுப்பைப் பிடித்துவிடும். மூன்று பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் மதில், எந்த வீட்டு ஜன்னலும் எட்டிப் பார்க்காது. பார்த்தால் காக்கா பார்க்க வேண்டும்.

நீச்சலுடை இரண்டையும் பஸ்ஸக்காதான் வாங்கி வந்தாள். வாங்கும்போதே ஒரு நப்பாசை இருந்தது: அவர் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுக்குள்ள எதுக்கும்மா இதெல்லாம்?" என்று சிரிப்பார் என்று. அவர் சிரிக்கவில்லை. "நல்லாருக்கு" என்று வாங்கிக்கொண்டு போய், கறுப்புக் கால்சட்டையை மாட்டி, நாடாவில் இரண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தார். சரி, அவர் விருப்பம் இதுதான் போல என்று அவளும் கருநீலத்துக்குள் தன்னைத் திணித்துக்கொண்டாள்.

ஆனாலும் அந்தத் தொட்டியில் ஒரு புதுமை நடந்தது. ஆவியில் கண்ணாடி மங்கும் என்று அவர் கழற்றிக் கூட்டில் வைத்துவிடுவார். வைத்தபின் அவளையே பார்ப்பார், சிரித்துக்கொண்டே பார்ப்பார். அவள் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நகர்ந்தால் அந்தப் பார்வையும் கூடவே நகரும். வீட்டில் எங்கேயும் அவர் அப்படிப் பார்த்ததில்லை. பஸ்ஸக்காவுக்கு இடுப்போடு சேர்த்து மனசும் இளகியது.

மூன்றாவது வாரம் நுரை வந்தது. நீரைப் பீய்ச்சும் பொத்தானை அழுத்தினால் பாலைப் பொங்க விட்ட மாதிரி மேலே எழும். பஸ்ஸக்காவின் கணக்கு எளிமையானது: நுரை என்றால் அழுக்கு, அழுக்கு என்றால் சோப்பு. வண்டியைக் கழுவிய கை அல்லவா? இரண்டு நீச்சலுடையையும் தினமும் கைநிறையச் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்து, அடித்துத் துவைத்து, கடைசியில் வாசனைத் திரவத்திலும் முக்கி எடுத்தாள். நுரை கூடியது. அவள் தூளைக் கூட்டினாள். நுரை இன்னும் கூடியது.

அவர் தொட்டிக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். நுரையின் உயரம் நான்கு விரற்கடை, நிறம் வெள்ளை, வாசனை இல்லை. பதிலாக ஏழு கேள்விகள் அச்சடித்த தாள் வந்தது. மூன்றாவது கேள்வி: "தொட்டியைப் பயன்படுத்துவோர் நீச்சலுடை அணிகிறார்களா? ஆம் / இல்லை." அவர் ஆறு கேள்விகளுக்கு அழகான கையெழுத்தில் பதில் எழுதி, மூன்றாவதைத் தொடாமல் அனுப்பிவிட்டார்.

"அதை ஏங்க விட்டுட்டீங்க?" என்றாள் பஸ்ஸக்கா.

"அது நம்ம வீட்டு விஷயம். நுரைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் இருந்தது. மெக்கானிக் வந்து சொன்னான்.

இளவயதுக்காரன், காதில் பென்சில் செருகியிருந்தான். அவர் கடைக்குப் போயிருந்த நேரம். அவன் ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரை மொண்டு, மூடி, குலுக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. டப்புல இறங்குறப்ப துணி போட்டுக்கறீங்களா?"

"இல்லாம?"

"எதுல துவைக்கறீங்க?"

அவள் சொன்னாள். வாசனைத் திரவத்தையும் விடாமல் சொன்னாள். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"தினம் அரை டப்பா சோப்பை நீங்களே மாட்டிக்கிட்டு இறங்கறீங்கக்கா. வெந்நீர்ல அது மொத்தமும் வெளிய வரும். இது டப் இல்ல, வாஷிங் மெஷினு."

"மத்தவங்க வீட்டுல எல்லாம் என்ன பண்றாங்க?" இதைக் கேட்டபோது அவள் வடிகட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டா எல்லாரும், 'சேச்சே, போட்டுக்கிட்டுத்தான் இறங்கறோம்'பாங்க. தண்ணியக் குலுக்குனா பாதிப் பேரு பொய் சொல்றது தெரிஞ்சிரும். புருஷன் பொண்டாட்டி, சொந்த வீடு, என்ன இப்ப? வேணாம்னா சோப்பு படாம வெறும் தண்ணில அலசிப் போட்டுக்கோங்க. ரெண்டுல எதுவானாலும் சரி. முதல்ல இந்தத் தண்ணிய மாத்துங்க."

இரண்டு வழி சொன்னான். அன்று சாயங்காலம் அவர் கடையிலிருந்து வந்ததும் பஸ்ஸக்கா ஒரு வழியை மட்டும்தான் சொன்னாள். வெறும் தண்ணீரில் அலசும் வழியை அப்படியே விழுங்கிவிட்டாள். இருபத்தாறு வருடத்தில் ஒரு சிக்னலைக்கூட மீறாதவள் செய்த ஒரே திருட்டுத்தனம் அது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் காது இரண்டும் சுட்டது.

"...அதனால துணி இல்லாம இறங்கணுமாம்."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"வேற வழியே இல்லைன்னானா?"

"இல்லைன்னுதான் சொன்னான்."

"அப்ப விடும்மா. நுரை இருந்தா இருந்துட்டுப் போகட்டும். போட்டுக்கிட்டே இறங்குவோம்."

அவள் முகம் சுண்டிப்போனது. கேட்காமல் தள்ளிப்போட்ட கேள்விக்கு, கேட்காமலே பதில் வந்துவிட்டதாக நினைத்தாள். வேண்டாம் என்கிறார். முடிந்தது.

மறுநாள் முதல் அவள் தொட்டியில் இறங்கவில்லை. இடுப்பு பரவாயில்லை என்றாள், ஆனால் வலித்துக்கொண்டுதான் இருந்தது. அவர் சுற்றிச் சுற்றி வந்து மென்று விழுங்கினார். இரண்டு வாரம் பார்த்துவிட்டு, தங்கை வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று பையை எடுத்தாள்.

தங்கை ஒரே மணி நேரத்தில் விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"இதுக்கா முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு வந்து உட்கார்ந்திருக்கே? ஏன் வேணாம்னு மாமாவைக் கேட்டியா?"

"அதை எப்படிடி கேக்கறது?"

"வாயால."

"எனக்கு வயசு அம்பத்தஞ்சு. வயிறு ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம். பார்க்கப் பிடிக்கலைன்னா அவர் மேல என்ன தப்பு?"

"பிடிக்காதவரா பன்னெண்டு வருஷம் பலகையை மாத்தி மாத்தி வச்சாரு? அக்கா, உனக்கு ரோட்டுல வர்ற சைக்கிள் ஒரு மைல்லயே தெரியும். வீட்டுக்குள்ள இருக்கற ஆளைத் தெரியலை."

பஸ்ஸக்கா தேநீரை ஆற்றினாள்.

நான்கைந்து நாளில் இடுப்பு பிடித்துக்கொண்டது. கட்டிக்கொள்ளும் பெல்ட் வீட்டிலேயே தங்கிவிட்டிருந்தது. ஜூலை பத்தொன்பது, கடைக்கு விடுமுறை நாள். அவர் எதிரில் போய் நிற்க மனம் வராமல், பின்பக்கக் கதவு வழியாகப் போய் எடுத்து வந்துவிடலாம் என்று மாலை வெயிலில் கிளம்பினாள்.

பின்கட்டுக் கதவைத் தள்ளியவள் அப்படியே நின்றாள். தொட்டி பொங்கிக்கொண்டிருந்தது. நுரைக்கு நடுவில் கழுத்தளவில் அவர். எதிரே, அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில், தொட்டி விளிம்பில் ஒரு ஹேங்கர் மாட்டி, அதில் அவளுடைய கருநீல நீச்சலுடை தொங்கியது. அவர் அதனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"இப்படி ஆரம்பிக்கலாமா? எட்டுன்னு சொன்னேன் இல்ல, என் பவர். எட்டு இல்லம்மா, பதினாறு. கண்ணைப் பார்த்துப் பார்த்தே உன்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்டவன், என் கண்ணு இப்படின்னு எப்படிச் சொல்றது?" நிறுத்தினார். தலையை ஆட்டிக்கொண்டார். "ம்ஹும். இது அழுகிற மாதிரி இருக்கு. வேற மாதிரி. கண்ணாடியைக் கழட்டிட்டா எனக்கு நீ எங்கே இருக்கேன்னே தெரியாதும்மா. அந்த நீலம் ஒண்ணுதான் தெரியும். நீலம் நகர்ந்தா நானும் திரும்புவேன். அதையும் நீ கழட்டிட்டா தண்ணி எது, நீ எதுன்னு தெரியாம, நீ இல்லாத பக்கம் பார்த்துச் சிரிச்சிட்டிருப்பேன். நீ அதைப் பார்த்துட்டிருப்ப."

நீச்சலுடை காற்றில் லேசாக ஆடியது. அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். அதே சிரிப்பு, அதே பார்வை. தொட்டியில் தான் இத்தனை நாள் வாங்கிக்கொண்டிருந்தது எதை என்று பஸ்ஸக்காவுக்குப் புரிந்தது.

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டே இறங்கியிருக்கலாமே?" என்றாள்.

அவர் துள்ளி எழுந்ததில் நுரை தரையெல்லாம் வழிந்தது. முகம் நீச்சலுடைப் பக்கம் திரும்பியது, பிறகு மதில் பக்கம், பிறகு கதவுப் பக்கம். அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றாள். பழுப்பு மதிலுக்கு முன்னால் பழுப்பு உடையில் நின்றாள். அவர் கண்கள் அவளைக் கடந்து போய், திரும்பி வந்து, மறுபடி கடந்து போயின.

"எங்க இருக்கே?"

"இங்கதான். உங்க வலது கைப் பக்கம்."

அவர் வலது கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள்.

"எப்ப வந்தே?"

"எட்டு இல்ல பதினாறுன்னப்ப வந்தேன்."

"போச்சு" என்றார். முகத்து நுரையை வழித்துவிட்டு, "கண்ணாடியோட இறங்கினா, உத்து உத்துப் பார்க்கறேன்னு நீ சங்கடப்படுவியோன்னு நினைச்சேன். கழட்டி வைக்கறதுதான் மரியாதைன்னு..."

"மரியாதையா? நீங்க பார்க்கறீங்கன்னுதானே நான் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தேன்!"

"நான் ஒரு நீல மூட்டையைத்தான் பார்த்தேன்."

"மூட்டையா?"

"நல்ல மூட்டை" என்றார் அவசரமாக.

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்தால் இடுப்பு வலித்தது, வலித்துக்கொண்டே சிரித்தாள். பிறகு அவளும் தன் மூட்டையை அவிழ்த்தாள். மெக்கானிக் சொன்ன இரண்டாவது வழியை, வெறும் தண்ணீரில் அலசினாலே போதும் என்பதை, சொன்னாள்.

அவர் வாயைப் பிளந்தார். "அப்ப நீ வேணும்னேதான்..."

"நீங்க பாதிப் பவர் சொன்னீங்க. நான் பாதி வைத்தியம் சொன்னேன். சரியாப் போச்சு. முதல்ல தண்ணியைத் திறந்து விடுங்க."

பழைய தண்ணீரை வடித்து, தொட்டியைத் துடைத்து, புதுத் தண்ணீர் நிரம்பிச் சூடாவதற்குள் மறுநாள் சாயங்காலம் ஆகிவிட்டது. அவர் கடையில் செய்கிற ஒரு வேலையை வீட்டில் செய்தார். கண்ணாடியின் இரண்டு வில்லையிலும் துளியூண்டு சோப்பைத் தடவி, உலர்ந்த துணியால் பளபளவென்று துடைத்தார். அப்படிச் செய்தால் ஆவி படிய நேரமாகும். இத்தனை நாள் தொட்டியைக் கெடுத்த சோப்பு அன்று அந்த அளவுக்குத்தான் உள்ளே வந்தது.

நீச்சலுடை இரண்டும் உள்ளே அலமாரியில் இருந்தன. வெளிச்சம் இன்னும் போகவில்லை. பஸ்ஸக்கா துண்டைப் போர்த்திக்கொண்டு பின்கட்டு வாசற்படியில் நின்றாள். மழையில் பிரேக் பிடிக்காத வண்டியை இறக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியவள். அன்று துண்டை இன்னொரு சுற்று இழுத்துச் சுற்றிக்கொண்டாள்.

"கண்ணாடி போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேன்."

"இப்ப துண்டை எடுக்கப் போறேன்" என்றாள், தங்கை கேலி செய்து விடவைத்த பழைய குரலில். "இப்ப படி இறங்கறேன். இப்ப இடது பக்கம் வர்றேன். சாயாதீங்க."

அவர் சாயவில்லை. வில்லையில் ஆவி மெல்ல மெல்ல ஏறும்வரை பார்த்தார். கடைசியில் ஒன்றும் தெரியாமல் போனபோதும் கழற்றவில்லை.

"இப்ப எங்கே இருக்கே?"

"எதிர்லதான். காலை நீட்டறேன், பார்த்து."

தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது. பொத்தானை அழுத்தினார்கள். குமிழி வந்தது, போனது. நுரை வரவில்லை. அன்றிலிருந்து அப்படித்தான். முதல் கொஞ்ச நேரம் அவர் கண்ணால் பார்ப்பார், பிறகு அவள் வாயால் சொல்வாள். தங்கை வரும் நாட்களில் மட்டும் இரண்டு நீச்சலுடையும் கொடியில் காயும், வெறும் தண்ணீரில் நனைத்துப் போட்டது.

"அக்கா, இது சும்மா ஷோவுக்குத்தானே?" என்றாள் தங்கை ஒருநாள், துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு.

"உன் வேலையைப் பாரு" என்றாள் பஸ்ஸக்கா. ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

கம்பெனி விடவில்லை. மூன்றாவது கேள்வியைக் கேட்டு நினைவூட்டல் ஒன்று வந்தது, அதற்கும் பதில் போகவில்லை. அப்புறம் இன்னொரு உறை வந்தது. அவர் முற்றத்து வெளிச்சத்தில் நின்று வாய்விட்டுப் படித்தார். "நீச்சலுடை குறித்த விவரம் தங்களிடமிருந்து கிடைக்கப்பெறாததால் தங்கள் புகார் முடித்துவைக்கப்படுகிறது. இதுவே எங்கள் கடைசிக் கடிதம்."

"இப்பவாவது 'இல்லை'ன்னு எழுதிப் போடுங்களேன்" என்றாள் பஸ்ஸக்கா உள்ளேயிருந்து.

"அதான் முடிச்சுட்டாங்களே. அதுவும் இல்லாம, அது நம்ம வீட்டு விஷயம்" என்றார் அவர், கண்ணாடியில் சோப்பைத் தடவிக்கொண்டே.

ஆகஸ்ட் 23 — கம்பெனியின் கடைசிக் கடிதம்: செலவு இல்லை